பேய் வீட்டுக்கு வந்த கூட்டம்

எங்கள் பேய் வீட்டுக்கு வந்த கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கார் ஷெட்டில் கறுப்புத் துணியைக் கட்டி, ஒரு பூசணிக்காயை வைத்துப் பிள்ளைகள் நடத்திய விளையாட்டுக்குத் தெருவே திரண்டு வந்தது, சிலர் இரண்டு முறை பார்த்தார்கள் என்று சொன்னால், என் கணவர்கூட, "உனக்கு எப்பவும் எல்லாம் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்கிறார். கூட்டம் வந்தது உண்மை. எதற்காக வந்தது என்பதுதான் வேறு விஷயம்.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஏழு. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருந்தோம். மாடி அறைகளை வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த வருடம் மாடியில் மியா என்ற பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். மியாவின் அம்மா பாதி நாள் கண்ணை மூடித் தியானம் செய்வார், மீதி நாள் அதைப் பற்றி மற்ற வெள்ளைக்காரர்களிடம் பேசுவார். மியாவுக்கு இரண்டிலும் நாட்டமில்லை. பள்ளிக்கூடம் இல்லாத பாக்கியசாலி. காலையில் படியிறங்கி வந்தால் இருட்டிய பிறகுதான் மாடி ஏறுவாள். எங்கள் அம்மா போடும் ரசம் சாதத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிடுவாள். அதற்குள் "போடா", "வேணாம்", "இன்னும் கொஞ்சம்" அளவுக்குத் தமிழ் கற்றிருந்தாள். அதோடு என் பள்ளிக்கூட இங்கிலீஷும் சேர்ந்தால் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஹாலோவீன் என்ற சொல்லை அவள்தான் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவர்கள் ஊரில் அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் பேய் வேடம் போடுவார்களாம். கார் நிறுத்தும் கொட்டகையை இருட்டாக்கி, உள்ளே எலும்புக்கூடும் சிலந்தி வலையும் வைத்து, வருபவர்களைக் கதற வைப்பார்களாம். பெரியவர்கள்கூடக் கத்திக்கொண்டு ஓடுவார்களாம். பெரியவர்களைக் கத்த வைக்கலாம் என்றதுமே நான் அந்தப் பண்டிகைக்கு மாறிவிட்டேன். எங்கள் வீட்டில் கத்துவது பெரியவர்களின் ஏகபோக உரிமை, ஆனால் அவர்கள் பயந்து கத்தி நாங்கள் பார்த்ததில்லை.

கொட்டகை எங்களிடமும் இருந்தது. அப்பா சொந்தமாக ஒரு டூரிஸ்ட் கார் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்டு அதற்கு ஒரு ஷெட் கட்டியிருந்தார். வண்டியின் பின்கண்ணாடியில் என் பெயரும் தம்பி பெயரும் மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருக்கும். பெயர் எங்களுடையது என்பதால் வண்டியைத் தொடலாம் என்று அர்த்தமில்லை. வண்டி உள்ளே நிற்கும்போது ஷெட்டுக்குள் பிள்ளைகள் கால் வைக்கக்கூடாது, கோடு விழும். ஆகவே பேய் வீடு கட்ட வேண்டுமென்றால் வண்டி வெளியே போயிருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி, மாடியில் பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒரு தம்பதியைச் சென்னை விமான நிலையத்தில் விடுவதற்காக அப்பா கிளம்பினார். சென்னை போனால் திரும்பி வரச் சவாரி கிடைக்கும்வரை அவர் அங்கேயே இருப்பது வழக்கம். மறுநாள் சாயங்காலத்துக்கு முன் வந்ததில்லை. அதைக் கணக்குப் போட்டுத்தான் சனிக்கிழமை ஆறு மணி என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். ஆனால் விடிந்ததும் அம்மாவுக்குப் போன் வந்தது. சவாரி எதுவும் அமையவில்லையாம், மழை வேறு விடாமல் பெய்கிறதாம், காலி வண்டியாகவே கிளம்பிவிட்டாராம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாராம். அம்மா சந்தோஷமாக முருங்கைக்காய் நறுக்கினாள். நான் மியாவை எழுப்ப மாடிக்கு ஓடினேன்.

காலை முழுவதும் ஒரு கண் வேலையிலும் ஒரு கண் சந்து முனையிலுமாக நாங்கள் பேய் வீடு கட்டினோம். எதிர் வீட்டில் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருந்த பாயிடம் போய்க் கறுப்பு லைனிங் துணி கேட்டோம். தீபாவளிக்கு முந்தின வாரம், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. மிஷினிலிருந்து காலை எடுக்காமலே, "அந்த மூட்டைல மிச்சத் துணி இருக்கும், எடுத்துக்கோங்க. கத்தரிக்கோல மட்டும் தொட்டீங்க, காலி" என்றார். துணியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொடியில் கட்டி, வளைந்து வளைந்து போகும் ஒரு பாதை செய்தோம். பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைக்க வேண்டும் என்றாள் மியா. கடையில் கிடைத்தது ஆயுத பூஜைக்கு வந்து மீந்துபோன கல்யாணப் பூசணிதான், அதில் கடைக்காரரே கொம்பும் கோரைப்பல்லும் வரைந்து வைத்திருந்தார். எங்கள் ஊரில் இது கண் படாமல் இருக்க என்று நான் விளக்கியபோது, அவர்கள் ஊரிலும் பேயை விரட்டத்தான் என்றாள் அவள். பேயை விரட்டும் காயைப் பேய் வீட்டு வாசலில் வைப்பது எப்படிச் சரியாகும் என்று தம்பி கேட்டான். நாங்கள் இருவரும் காயைத் தூக்கி வாசலில் வைத்தோம்.

உள்ளே ஒரு கிண்ணத்தில் வேகவைத்த ஜவ்வரிசி, இருட்டில் கை விட்டால் தவளைக் கண். இன்னொன்றில் எண்ணெய் தடவிய சேமியா, அது புழு. மூலையில் அப்பாவின் பழைய டயரின் மேல் நானும் மியாவும் ஏறி நின்று ஊளையிடுவோம். கடைசியில், எல்லாவற்றுக்கும் சிகரமாக, ஒரு பிணம். கயிற்றுக்கட்டிலில் தம்பியைப் படுக்க வைத்து, கொடியில் காய்ந்த அப்பாவின் வெள்ளை வேட்டியால் தலையிலிருந்து கால்வரை மூடினோம். தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி. ஆள் பக்கத்தில் வந்ததும் அவன் எழுந்து உட்கார வேண்டும். அவனுக்கு அந்த வேடம் மிகவும் பிடித்துவிட்டது, படுத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை அல்லவா.

மத்தியானம் வந்தது, அப்பா வரவில்லை. அம்மா போன் போட்டுப் பார்த்தாள். எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொன்னாள். தம்பி அந்தப் பெண்ணின் குரலில் அப்படியே சொல்லிக் காட்டுவான், அன்றும் சொல்லிக் காட்டினான், அம்மா சிரிக்கவில்லை. "சார்ஜ் போயிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பாவின் தட்டைக் கழுவி வைத்து, சாதத்தையும் குழம்பையும் மூடி வைத்தாள். எங்களைப் பொறுத்தவரை அப்பா வராத ஒவ்வொரு நிமிடமும் லாபம். வண்டி வந்தால் துணி, டயர், பிணம் எல்லாம் வாசலுக்குப் போய்விடும். சந்து முனையில் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்புவோம். வேறு வண்டி என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வரும். அவள் திரும்பவும் போனை எடுப்பாள்.

நாலு மணிவாக்கில் அந்தச் செய்தி எங்கள் சந்துக்குள் வந்தது. இது எனக்குப் பிறகுதான் தெரியும், ஆனாலும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. அப்பாவோடு கார் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு டிரைவர் செஞ்சிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். வழியில் ரோட்டோர ஏரியில் ஒரு கார் தலைகுப்புறக் கவிழ்ந்து கிடந்தது. முக்கால்வாசி தண்ணீருக்குள் இருந்தாலும் பின்கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது. அதில் மஞ்சள் எழுத்தில் எங்கள் இருவர் பெயர். டிரைவரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போய்விட்டார்கள், ஆனால் உயிர் இல்லை என்று அங்கே நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் சந்து முனை டீக்கடையில் வந்து இதைச் சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் விசாரித்து வர உடனே கிளம்பினார்கள். மற்றவர்கள் கூடிப் பேசினார்கள். அம்மாவிடம் யார் சொல்வது? இந்த மாதிரிச் செய்தியை ஒரு பெண்ணிடம் தெருக்காரர்கள் சொல்லக்கூடாது, அவள் பிறந்த வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, போளூரில் இருந்தார். அவருக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் வந்து சேரும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது என்று முடிவாயிற்று. ஆனால் அதுவரை அவளைத் தனியாக விடவும் கூடாது, வெளியாள் யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் என்ன ஆவது? பக்கத்திலேயே இருக்க வேண்டும், எதற்கு இருக்கிறோம் என்று சொல்லவும் கூடாது. தெருவே இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் கேட்டில் நான் ஒட்டிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 'பேய் வீடு. மாலை ஆறு மணி. தைரியம் உள்ளவர்கள் மட்டும்.'

முதலில் வந்தது தையல்கார பாயும் அவர் மனைவியும். ஆறு மணி ஆவதற்கு வெகுநேரம் முன்பே கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

"என்னங்க பாய், துணி வேணுமா? பசங்க கட்டிட்டாங்களே" என்றாள் அம்மா.

பாய் அவள் முகத்தைப் பார்க்காமல் சுற்றுமுற்றும் பார்த்தார். அட்டை கண்ணில் பட்டது. "இல்லம்மா. புள்ளைங்க என்னமோ பேய் வீடு வச்சிருக்காங்களாமே. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு எதிர் வீட்டுத் தையல் கடையைப் பார்த்தாள். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, மிஷின் சத்தம் இல்லை. தீபாவளி வாரத்தில் பாய் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார், அவர் மனைவிதான் தட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார். "வாங்க, உள்ள வாங்க. டீ போடறேன்" என்று அம்மா அடுப்படிக்குப் போனாள். நான் தலைகால் புரியாமல் ஷெட்டுக்கு ஓடினேன். நேரத்துக்கு முன்பே ஆள் வந்துவிட்டார்கள், தம்பி இன்னும் பிணமாகவில்லை.

பாய் காட்டிய வழி எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. அடுத்து பக்கத்து வீட்டு அத்தை வந்தார், "பேய் வீடு பாக்க வந்தேன்" என்றார். கோடி வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார், அவரும் பேய் வீடு பார்க்கத்தான் வந்தார். எங்கள் பந்து அவர் வீட்டுக்குள் விழுந்தால் திருப்பித் தராத மனிதர் அவர். ஸ்டாண்டு டிரைவர்கள், டீக்கடைக்காரர், பின் தெருப் பெண்கள் என்று ஆறு மணிக்குள் வாசல் நிறைந்துவிட்டது. நாங்கள் எதிர்பார்த்தது மியாவின் அம்மாவையும் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரையும்தான். இவ்வளவு பேரைப் பயமுறுத்த எங்களிடம் ஜவ்வரிசி போதுமா என்று கவலையாகிவிட்டது.

கவலை வீண் போகவில்லை. ஒருவர்கூடப் பயப்படவில்லை. ஊளையிட்டோம், டின்னைத் தட்டினோம், துணிக்குள்ளிருந்து கையை நீட்டிக் காலைப் பிடித்தோம். அவர்கள் கோவில் வரிசையில் போகிறவர்களாக அமைதியாகப் போனார்கள். ஜவ்வரிசியில் கையை விடுங்கள் என்றால் விட்டார்கள், துடைத்துக்கொண்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தார்கள். வாத்தியார் புழுக்கிண்ணத்தில் கையை விட்டவர் எடுக்க மறந்து அப்படியே நின்றார். "சார், அது புழு" என்று நான் ஞாபகப்படுத்தினேன். "அப்படியாம்மா, நல்லா இருக்கு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிலுக்கு வந்தபோதுதான் கொஞ்சம் பலன் தெரிந்தது. வேட்டி போர்த்திய உருவத்தைப் பார்த்ததும் பாயின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, "யா அல்லா" என்று சுவரில் சாய்ந்தார். பக்கத்து வீட்டு அத்தை இன்னும் மோசம். தம்பி எழுந்து உட்காரும் முன்பே அவனை அள்ளி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இப்படிப் படுக்காதடா ராசா, படுக்காத" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவர் பயந்துவிட்டார் என்று மியா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

அத்தை அழும் சத்தம் கேட்டு அம்மா டீத் தட்டோடு ஷெட் வாசலுக்கு வந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துணிகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலில் கிடந்த வேட்டியைப் பார்த்தாள், யாருடைய வேட்டி என்று பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை எடுத்து உதறி, நாலாக மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"இது வேணாம்."

"ம்மா, அதான்மா பெஸ்ட்டு. அது இல்லன்னா யாரும் பயப்பட மாட்டாங்க."

"வேணாம்னா வேணாம். அவன் நின்னுக்கிட்டு கத்தட்டும்." குரல் உடைந்திருந்தது, சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மெழுகுவத்தியைத் தலைமாட்டிலிருந்து எடுத்துச் சுவரோரம் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருந்த ஒரே பயத்தை அம்மாவிடம் அங்கேயே கேட்டேன். "ம்மா, அப்பா இப்ப வந்துட்டா என்னம்மா பண்றது? லேட்டா வந்தா நல்லா இருக்கும்ல?"

டீக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளரைத் தடுமாறிப் பிடித்தார். டிரைவர் ஒருவர் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். "வரட்டும்டி. எப்ப வேணா வரட்டும். வந்தா வண்டிய வெளியவே விட்டுக்கச் சொல்றேன்" என்றாள். எனக்குப் பெரிய நிம்மதி.

ஏழு மணிக்கு மேல் எங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஜவ்வரிசி காய்ந்து பிசினாகிவிட்டது. தம்பிக்குத் தூக்கம் சொக்கியது. எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்கள், ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மழை தூறியது, தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார்கள். பேய் வீட்டை மூடலாம் என்று நான் போய்ச் சொன்னதும் அம்மா பதறிப்போனாள். "மூடாத" என்றாள். உள்ளே போய், கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவத்திக் கட்டை முழுசாக எடுத்து வந்து என் கையில் வைத்தாள். எங்கள் வீட்டில் பாதி மெழுகுவத்திக்கே கணக்குக் கேட்பாள் அவள். "இன்னும் ஆள் வருவாங்க. மறுபடியும் காட்டு. பாய், இன்னொரு தடவ போய்ப் பாருங்களேன். புள்ளைங்க ஆசையா செஞ்சிருக்காங்க." பாய் மறுபேச்சுப் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டாம் தடவை உள்ளே வந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். அம்மாவின் எதிரே உட்கார்ந்திருப்பதைவிடப் பேயோடு இருப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கோ பெருமை தாங்கவில்லை. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கச் சொல்கிறவள், விளையாட்டை நிறுத்தாதே என்று கெஞ்சுகிறாள்!

அந்த நேரத்தில்தான் பூக்காரம்மா வந்தார். எங்கள் அம்மா பூ விஷயத்தில் மகா கஞ்சம், அரை முழம் வாங்கி அதையும் சாமி படத்துக்குப் பாதி கிள்ளி வைப்பாள். அன்று, "கூடைல எவ்ளோ இருக்கு?" என்று கேட்டாள். இருந்தது அத்தனையும் வாங்கினாள். பூக்காரம்மா முழம் போடும்போது முழங்கையிலிருந்து பூ நழுவிக்கொண்டே இருந்தது, அம்மா முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. அம்மா உள்ளே போய் முகம் கழுவி, தலையைப் படிய வாரி, கனகாம்பரமும் மல்லியுமாகத் தலை கொள்ளாமல் வைத்துக்கொண்டாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கல்யாண வீட்டுக்குப் போகிறவளாக வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் தாழ்வாரத்தில் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

மாமா வந்தபோது நான் வாசலில் இருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கினார், சட்டை முழுக்க நனைந்திருந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவருக்கு வழி விட்டது. அவர் அம்மாவைப் பார்த்தார், தலையிலிருந்த பூவைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அம்மா முந்திக்கொண்டாள். "வாண்ணா. மொதல்ல பசங்க செஞ்சத போய்ப் பாத்துட்டு வா. எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்."

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"போய்ப் பாத்துட்டு வாண்ணா. காலைலேருந்து கஷ்டப்பட்டிருக்காங்க." அவரை ஷெட்டுப் பக்கம் தள்ளாத குறையாகத் தள்ளினாள்.

மாமா உள்ளே வந்தார். கிண்ணங்களைத் தொடவில்லை. டயர் மேல் நின்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தியதும் அப்படியே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. நான் இறங்கிப் பக்கத்தில் போய், "மாமா, பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. ரொம்பப் பயமா இருக்கு" என்றார்.

அன்று மாலை முழுவதும் காத்திருந்த வார்த்தை அது. பெரியவர் ஒருவர், அதுவும் மீசை வைத்தவர், எங்கள் பேய் வீட்டில் பயந்து அழுகிறார். நான் இருட்டில் மியாவின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

வெளியே அம்மாவின் போன் அடித்தது. தாழ்வாரத்து ஜன்னல் விளிம்பில் இருந்தது அது. அடித்து அடித்து நின்றது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். அம்மா போனிலிருந்து இரண்டடி தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அவ்வளவு கூட்டத்தில் ஒரு கைகூட நீளவில்லை. அப்போதுதான் மியாவின் அம்மா தியானம் முடித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். அந்தத் தெருவில் செய்தி தெரியாத பெரியவர் அவர் ஒருவர்தான், இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவரை விட்டிருந்தார்கள். இத்தனை பேர் நிற்கும்போது போன் இப்படி அடிக்கிறதே என்று அவர் சாதாரணமாக எடுத்து, "ஹலோ" என்றார். கேட்டார். சிரித்தார். அம்மாவிடம் நீட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், "உங்க வீட்டுக்காரர்" என்றார்.

அம்மா போனைக் காதில் வைத்தாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "மத்தியானம் சாப்பாட்டுக்கு வரேன்னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தோள்பட்டை எலும்பும் ஒரு காலும் முறிந்திருந்தன. முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலிருந்து வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் ஸ்டாண்டு ஆட்களுக்கு அவரைக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. அவரது போன் ஏரிக்குள் போயிருந்தது, ஸ்டாண்டு ஆள் ஒருவரின் போனிலிருந்துதான் பேசியிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிடத்தில் எங்களுக்குத் தெரிந்தது, வாசலிலிருந்து வந்த பெருஞ்சத்தம் மட்டும்தான். பாய் மனைவி ஓவென்று கத்தினார், பக்கத்து வீட்டு அத்தை மார்பில் அடித்துக்கொண்டு சிரித்தார், வாத்தியார் யாரோ ஒரு டிரைவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினார். மாமா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். எல்லோரும் கத்தினார்கள், எல்லோரும் அழுதார்கள். மியா சொன்ன ஹாலோவீன் தாமதமாகத்தான் என்றாலும் வந்தேவிட்டது என்று நாங்கள் மூவரும் டயர் மேல் ஏறிக் குதித்தோம்.

அதன் பிறகு அந்தக் கதை எங்கள் வீட்டில் அப்பாவின் சொத்தாகிவிட்டது. ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டு விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வார். "ஊரே எனக்குத் துக்கம் விசாரிக்க வந்து, என் வீட்டுலயே டீ குடிச்சிட்டு, பேயப் பாத்துட்டுப் போச்சு. இவளுக்கு மட்டும் கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியாது!" அம்மா மறுத்ததில்லை. நானும் அதையேதான் நம்பினேன்.

போன தீபாவளிக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தபோது அப்பா மறுபடியும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போனேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ தோன்றி, "அன்னிக்கு எதுக்கும்மா அவ்ளோ பூ வச்சிக்கிட்ட? எங்க ஷோவுக்கு அவ்ளோ பேர் வந்தாங்கன்னா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "பாய் மிஷின விட்டு எழுந்து வந்தப்பவே தெரிஞ்சிடுச்சுடி" என்றாள். "நாளைலேருந்து வைக்க விடுவாங்களோ இல்லியோன்னுதான், இருந்தது அத்தனையும் வச்சிக்கிட்டேன்."

அன்று அவள் பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது நான் ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்து, எங்கம்மா எவ்வளவு அழகு பார் என்று மியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.